தெமோதரைப் பனிமூட்டம் படத்தில் சாம்பலாக விழுவது ஏன்?

கேள்வி:
இலங்கையின் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைக் காலைப் பனிமூட்டத்தில் எடுத்த படத்தை இணைத்துள்ளேன். கண்ணுக்கு வெள்ளை வெளேரெனத் தெரிந்த மூட்டம், படத்தில் அழுக்குச் சாம்பலாக விழுந்திருக்கிறது. குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

முதல் பதில்:
எதிரிலுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்றே கமராவின் ஒளியளவி கருதுவதால், பனிமூட்டம் சட்டகத்தை நிரப்பும்போது தேவையைவிடக் குறைந்த ஒளியையே பதியச் செய்கிறது. ஒளியளவுத் திருத்தத்தை +1 வரை உயர்த்தி, படத்தின் இருள்-வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கமரா பதிந்த மூலத் தரவான ரோ (RAW) கோப்பு இருந்தால் இந்தப் படத்தையே பெருமளவு மீட்டுவிடலாம்.

இரண்டாம் பதில்:
வெளிச்சத்தைவிட என்னை உறுத்துவது சட்டகம்தான். கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக, இரும்புச் சட்டங்களின்றி 1921இல் கட்டி முடிக்கப்பட்ட அப்பாலத்தின் அழகே வளைவுகளின் தொடர்ச்சியில் இருக்க, இடது ஓரத்து வளைவை நீங்கள் பாதியில் வெட்டியிருக்கிறீர்கள். தேயிலைச் சரிவில் சற்று மேலேறி நின்றால் ஒன்பதும் அடங்கும். முன்னால் கொழுந்து பறிக்கும் அம்மாவின் முகமும், கூடையின் தலைக்கயிறு நெற்றியில் பதித்த தடமும் மிகத் தெளிவாக வந்துள்ளன. இதுவே படத்தின் உயிர். அவரிடம் அனுமதி பெற்றீர்களா?

கேட்டவர்:
கேட்டுத்தான் எடுத்தேன், பிரதியொன்றும் கொடுக்கவிருக்கிறேன். ரோ கோப்பு இருக்கிறது, திருத்திப் பதிகிறேன்.