மறு: ஃப்ளஷ் – கழுவுநீரா, தள்ளுநீரா?

நண்பர்களுக்கு வணக்கம். கழிப்பறையில் ஃப்ளஷ் செய்யும் தண்ணீருக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> ஃப்ளஷ் என்பதற்குக் "கழுவுநீர்" போதும். எல்லாருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் அச்சில் பாருங்கள்: கழுவுநீர், கழிவுநீர். ஓர் எழுத்துதான் வித்தியாசம். "கழுவுநீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கவும்" என்று கையேட்டில் போட்டு, அந்த ஓர் எழுத்து பிழையானால் படிப்பவர் சாக்கடை மூடியைத் தூக்குவார். அதைவிடப் பெரிய குறை, அந்தத் தண்ணீரின் முதல் வேலை கழுவுவதே அல்ல. தள்ளுவது.

இது எனக்கு வீட்டில்தான் விளங்கியது. போன வருடம் பழைய பத்து லிட்டர் தொட்டியைக் கழற்றிவிட்டு, 6 லிட்டருக்கு ஒன்று, 3 லிட்டருக்கு ஒன்று என்று இரண்டு பொத்தான் உள்ளதை மாட்டினோம். கோப்பை பளிச்சென்று ஆகிவிடும்; போக வேண்டியது மட்டும் போகாது. மூட்டுவலிக்காரரான அப்பா, தொட்டி மறுபடி நிரம்பும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டாம் தடவை அழுத்துவார். ஆறும் ஆறும் பன்னிரண்டு. பழைய தொட்டியே தேவலை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1992-இல் போட்ட சட்டப்படி 1994 முதல் புதுக் கழிப்பறைகளுக்கு ஒரு தடவைக்கு 1.6 கேலன், அதாவது ஏறக்குறைய 6 லிட்டர் என்று வரம்பு வந்தது. இரண்டு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது என்று ஊரெல்லாம் புகார். 2003 வாக்கில் அங்கேயும் கனடாவிலும் ஒரு சோதனை வந்தது: கோப்பையில் சோயா விழுதைப் போட்டு, ஒரே அழுத்தில் எத்தனை கிராம் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். அவர்கள் அளந்தது தள்ளும் திறனை. அதனால்தான் "தள்ளுநீர்" என்கிறேன். "தள்ளுதிறன்" என்ற சொல்லும் கூடவே கிடைக்கிறது.

> கோப்பைக்கு அடியிலுள்ள வளைகுழாயில் தண்ணீர் இழுக்கத்தானே செய்கிறது? "தள்ளு" எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. அமெரிக்காவில் புழங்கும் கோப்பைகளில் இழுப்பு உண்டு. ஆனால் தண்ணீர் வேகமாக இறங்கி வளைவை நிரப்பினால்தான் அந்த இழுப்பே பிறக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கிற கோப்பையில் வளைவு அகலம். அங்கே தண்ணீரின் வேகம்தான் எல்லாம்.

அப்புறம், இரண்டு பொத்தான் உள்ள தொட்டிக்கு "இரட்டை ஃப்ளஷ்" என்ற பெயர் வேண்டாம். இரட்டை என்றதும் இரண்டு தடவை அழுத்துவது என்றே தோன்றும். "ஈரளவுத் தொட்டி" என்பது என் பரிந்துரை. பொத்தான்களுக்கு "அரை", "முழு" என்று ஒருவர் எழுதியிருந்தார். 1980-இல் ஆஸ்திரேலியாவில் புரூஸ் தாம்சன் வடிவமைத்த தொட்டிக்கு அது பொருந்தும்: 11 லிட்டர், 5.5 லிட்டர். இப்போது 4.5-க்கு 3 என்றும் வருகிறது; அது அரை இல்லையே. "நிறைநீர்", "குறைநீர்" என்றால் எந்த அளவுக்கும் சரியாக வரும். பொத்தானிலேயே இதைத் தமிழில் அச்சடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எங்கள் வீட்டில் எது எதற்கு என்று தெரியாமல், அம்மா பெரிய பொத்தானில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறார்.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். தொட்டியின் அடியில் தண்ணீரை அடைத்து வைக்கும் வால்வின் ரப்பர் தேய்ந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு மாதக்கணக்கில் தெரியவில்லை. கடைசியில் தொட்டிக்குள் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டுவிட்டு, யாரையும் பொத்தானைத் தொட விடவில்லை. அரைமணி நேரத்தில் கோப்பைத் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. இதற்குக் "கள்ளக்கசிவு" என்று வைக்கலாம். அந்த ரப்பருக்கு மட்டும் புதுச் சொல் தேட வேண்டாம். பிளம்பரும் கடைக்காரரும் சொல்கிற "வாஷர்" அப்படியே இருக்கட்டும்.

இரண்டாம் தடவை அழுத்துவதற்கு "மறுதள்ளல்" என்று குறித்து வைத்திருக்கிறேன். நாக்கில் அவ்வளவு எளிதாக உட்காரவில்லை. இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.