கால் வரை இறங்கும் இடுப்பு வலிக்கு கைரோபிராக்டிக் போகலாமா?

கரூர் தறிக்காரன்
வயது 41. ஆறு வாரமாக இடுப்பில் தொடங்கி இடது கால் பெருவிரல் வரை கரண்ட் பாய்கிற மாதிரி வலி, தும்மினால் உயிரே போகிறது. எம்.ஆர்.ஐ.யில் கீழ் முதுகெலும்பில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்திருக்கிறது. மாத்திரையில் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் கால் மரத்துப்போய், நடக்கும்போது செருப்பு கழன்று போவதுகூடத் தெரிவதில்லை. மைத்துனர் கோயம்புத்தூரில், முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்யும் ஒரு கைரோபிராக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறார். வீடியோக்களில் படக் படக்கென்று சொடக்கு எடுப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செல்வி மதுரை
நான் போயிருக்கிறேன் அண்ணா. நாலாவது தடவைக்கு அப்புறம் குனிந்து கோலம் போட முடிந்தது. ஆனால் எனக்கு வலி இடுப்போடு நின்றது, காலுக்கு இறங்கவில்லை. அவர் என் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து, முட்டியில் சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகுதான் கை வைத்தார். இதெல்லாம் கேட்காமல் படுங்கள் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிசியோ, 20 வருடம்
வலியை விட அந்தச் செருப்புதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இப்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்து அடி நடந்து பாருங்கள். அப்புறம் பெருவிரலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு யாரையாவது கீழே அழுத்தச் சொல்லுங்கள். முன்பாதம் தூக்க வரவில்லை, விரல் தாங்கவில்லை என்றால் காலுக்குப் போகும் எல்5 நரம்பு பலம் இழக்கிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் முதுகை முறுக்கித் தள்ளும் வேலையே வேண்டாம், கைரோ ஆனாலும் என்னை மாதிரி பிசியோ ஆனாலும். நேராக நியூரோ சர்ஜனிடமோ ஸ்பைன் டாக்டரிடமோ போங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போனாலோ ராத்திரி ஆனாலும் எமர்ஜென்சிதான்.

பலம் சரியாக இருந்தால் பேச்சு வேறு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகை நிஜமாகத் தள்ளிச் சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குக் கால் வலி போனது, தள்ளுவது போல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான். மொத்தம் 102 பேர்தான், அவர்களும் வலி புதிதாக வந்தவர்கள். அதனால் கைரோபிராக்டிக்கே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் நாட்டில் அதற்குத் தனிக் கவுன்சில் கிடையாது, எங்கே எத்தனை வருடம் படித்தார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். சிகிச்சையில் வலி காலை விட்டு மேலே ஏறி இடுப்பில் ஒதுங்கினால் நல்லது, இன்னும் கீழே இறங்கினால் அன்றோடு நிறுத்துங்கள்.

கரூர் தறிக்காரன்
நடந்து பார்த்தேன். வலது சரியாக வந்தது. இடது முன்பாதம் தரையில் தட்டித் தட்டி வருகிறது, பையன் ஒற்றை விரலால் அழுத்தியதும் பெருவிரல் படுத்துவிட்டது. சனிக்கிழமை வரவில்லை என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டேன். நாளைக் காலை நியூரோ டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன்.

பிசியோ, 20 வருடம்
நல்லது. செருப்பு முதன்முதலில் என்றைக்குக் கழன்றது என்று தேதியோடு சொல்லுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

கரூர் தறிக்காரன்
போன வியாழன், சந்தையில். பின்னால் வந்த ஒரு அம்மா எடுத்துக் கொடுத்தார்கள்.