சார்ஜர் இணைத்தவுடன் செயலியின் (பிராசஸரின்) வேகம் 0.40 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது

கேள்வி

வணக்கம். இன்டெல் கோர் ஐ5-8250யு செயலி கொண்ட மடிக்கணினியில் விண்டோஸ் 10 பயன்படுத்தி வருகிறேன். பத்து நாள்களாக, சார்ஜரை இணைத்ததும் கணினி ஏறக்குறைய நின்றேவிடுகிறது. ஓர் எக்செல் கோப்பைத் திறக்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. டாஸ்க் மேனேஜரில் வேகம் 0.40 கிகாஹெர்ட்ஸ் என்றே காட்டுகிறது. வெப்பநிலையோ 45 டிகிரியைத் தாண்டுவதில்லை. பவர் ஆப்ஷன்ஸில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, செயலியின் அதிகபட்ச நிலையை 100 விழுக்காடாக வைத்தும் பயனில்லை. பழுது பார்க்கும் கடையில் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மகளின் செமஸ்டர் பிராஜெக்ட் முழுவதும் இந்தக் கணினியில்தான் நடக்கிறது. அவ்வளவு செலவு செய்யும் நிலையில் நான் இல்லை. வழி கூறுங்கள்.

பதில் 1

ஐயா, மதர்போர்டை மாற்றச் சம்மதித்துவிடாதீர்கள். உங்கள் செயலியின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ வேகம், அதாவது தேவைப்படும்போது தற்காலிகமாக ஏறும் வேகம், 3.4 வரை. மின்சேமிப்பு அமைப்பில் அதிகபட்ச நிலையை 99 விழுக்காடாகக் குறைத்தால்கூட டர்போ மட்டுமே நிற்கும். வேகம் அடிப்படை அளவை ஒட்டியே இருக்கும். 0.40 என்பது அந்தச் செயலி இறங்கக்கூடிய மிகக் கீழான படி. வேலை நடக்கும்போதும், வெப்பம் ஏறாதபோதும் அது அங்கேயே கட்டுண்டு கிடக்கிறது என்றால், விண்டோஸுக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

அது பெரும்பாலும் 'பிடி ப்ராக்ஹாட்' என்னும் சமிக்ஞையாக இருக்கும். செயலி அளவுக்கு மீறிச் சூடானதைப் பிறருக்கு அறிவிக்க ஏற்பட்ட கம்பி அது. மின்சுற்றின் மற்ற பகுதிகளும் அதே கம்பி வழியாகச் செயலியை வேகம் குறைக்கச் சொல்ல முடியும். சில நிறுவனங்களின் சார்ஜர் முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்ற விவரத்தை பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) அதன் வழியாகத்தான் படிக்கிறது. ஊசி வளைந்தாலோ உள்ளே கம்பி அறுந்தாலோ மின்சாரம் வந்துகொண்டிருக்கும், விவரம் வராது; பயாஸ் முன்னெச்சரிக்கையாக வேகத்தை அடக்கிவிடும். சார்ஜரைக் கழற்றினால் வேகம் திரும்புகிறதா, பயாஸில் அடாப்டர் வகை என்னவென்று காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதில் 2

லினக்ஸில் இதே தொல்லையை நானும் அனுபவித்திருக்கிறேன். 'பவர்சேவ்' என்றிருந்த கவர்னரை (வேகத்தை நிர்ணயிக்கும் அமைப்பை) 'பெர்ஃபார்மன்ஸ்' என மாற்றி மாற்றி ஒரு வாரத்தை வீணாக்கினேன். செயலியின் வேகத்தை ஆளும் 'இன்டெல் பிஸ்டேட்' இயக்கியில் (டிரைவரில்) பவர்சேவ் என்பது, பெயர் அப்படி இருந்தாலும், வேலைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கத்தான் செய்யும். அது குற்றவாளி அன்று. வன்பொருள் இட்ட கட்டளையை இயங்குதளத்தின் எந்த அமைப்பாலும் மீற முடியாது.

உங்கள் விண்டோஸில் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் பிடி ப்ராக்ஹாட் தெரிவை நீக்கினால் வேகம் உடனே திரும்பும். காரணத்தை உறுதி செய்ய ஒருமுறை நீக்கிப் பாருங்கள், அதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். 100 டிகிரியில் செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் செயலிக்கு மின்சாரம் தரும் மின்னழுத்தச் சுற்று சூடாகி எச்சரித்தால் அதைக் கேட்க ஆள் இருக்காது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சார்ஜரைக் கழற்றியவுடன் வேகம் 3.2 வரை சென்றது. பயாஸில் அடாப்டர் 'அன்நோன்' என்றிருந்தது. உடன் பணிபுரிபவரிடம் அதே நிறுவனத்தின் 65 வாட் சார்ஜரை வாங்கிப் பொருத்தியதும் பயாஸ் அதைச் சரியாகக் காட்டியது, வேகமும் குறையவில்லை. எனினும் ஓர் ஐயம்: பெரிய கோப்பைக் கணக்கிடும்போது முதல் அரை நிமிடம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிவிட்டு, பிறகு 2.4 அளவுக்கு இறங்குகிறது. இதுவும் பழுதா?

பதில் 1

இல்லை ஐயா, அது இயல்பு. அந்தச் செயலிக்கு நீண்ட நேரத்துக்கான மின்வரம்பு 15 வாட். அதைக் கடந்து சிறிது நேரம், வழக்கமாக 28 விநாடி அளவுக்கு, ஓட அனுமதி உண்டு. பின்னர் வரம்புக்குள் திரும்பிவிடும். வேறொரு சார்ஜரில் எல்லாம் சரியாக இருப்பதால் உங்கள் கணினியின் சார்ஜிங் போர்ட்டும் மதர்போர்டும் நன்றாகவே உள்ளன. அதே 65 வாட் அளவில், நடு ஊசி உள்ள அசல் சார்ஜரை வாங்குங்கள். மலிவான மாற்றுச் சார்ஜர்கள் சிலவற்றில் அடையாளம் காட்டும் சில்லு இருப்பதில்லை. அவற்றை மாட்டினால் இதே 0.40 மீண்டும் வந்து நிற்கும். கடையிலேயே பொருத்தி, பயாஸில் 65 வாட் என்று காட்டுவதைப் பார்த்த பின் பணம் கொடுங்கள்.