மறு: ஆப்போசிட் சைடு கேஸ்லிங் – 'எதிர்க்கரைக் கோட்டை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சதுரங்கத்தில் ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறி, ராஜா ஒரு பக்கமாக ஒதுங்குவதுதான் கோட்டை கட்டுவது (கேஸ்லிங்). இரண்டு ராஜாக்களும் வேறுவேறு பக்கம் கோட்டை கட்டி ஆடும் ஆட்டத்துக்குத் தமிழில் பேர் தேடி இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் எல்லாவற்றையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து மறுபடி படித்தேன். என் சொல்லை முன்வைக்கும் முன், கேள்வி எங்கே கிளம்பியது என்று சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தில் அவசரத்தில் விட்டுப்போனது.

நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் ஆடினார்கள். அவள் வெள்ளை. ராணி பக்கம் கோட்டை கட்டிக்கொண்டு எச், ஜி சிப்பாய்களை ஓடவிட்டாள் (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்). அவர் ராஜா பக்கம் கோட்டை கட்டியிருந்தார். சி வரிசையில் இரண்டு யானைகளையும் நிறுத்தி, அதில் ஒன்றைக் கொடுத்து சி3 குதிரையை வெட்டினார். திண்ணையில் ஒரு சத்தமில்லை. அந்த யானையைத் திருப்பி வெட்டாமல் தாக்குதலைத் தொடரலாமா என்று அவள் மடியில் கையை வைத்து விரல் மடக்கினாள். "எனக்கு மூணு, தாத்தாவுக்கு ரெண்டு" என்று உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் பி சிப்பாயால் யானையை வெட்டினாள். அவள் ராஜாவுக்கு முன்னால் இருந்த சுவர் அதோடு போயிற்று. இரண்டரை மணி நேரம் போராடி, கடைசியில் தலைமையாசிரியர் விடாமல் செக் வைத்து டிரா வாங்கினார்.

வேடிக்கை பார்த்த ஒரு பையன் கேட்டான்: "இந்த மாதிரி ஆட்டத்துக்குத் தமிழ்ல என்ன பேர் சார்?" என்னிடம் பதில் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

> 'இருபக்கத் தாக்குதல்' போதுமே.

போதாது. ஒருவரே இரண்டு பக்கமும் தாக்கினாலும் அது இருபக்கத் தாக்குதல்தான். நாம் பேர் தேடுவது வேறொன்றுக்கு. இரண்டு ராஜாக்களும் வேறுவேறு பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். தன் ராஜா அங்கே இல்லை என்பதால்தான் ஒருவர் அந்தப் பக்கத்துச் சிப்பாய்களைத் துணிந்து ஓட்டுகிறார். இந்த ஆட்டத்தின் உயிரே அந்தத் துணிச்சல்.

> 'எதிர்ப்பக்கக் கோட்டை' என்று வைக்கலாம்.

எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் வகுப்பில் "எதிர்ப்பக்கத்தைக் காட்டு" என்றால் பிள்ளைகள் எதிராளி உட்கார்ந்திருக்கும் பாதியைக் காட்டுகிறார்கள். தப்பு அவர்களுடையது இல்லை. 'சிறகு' என்ற யோசனையும் எனக்கு ஒட்டவில்லை. சண்டை நடக்கிற இடத்தை நாம் சிறகு என்று சொல்வதில்லை.

என் சொல் 'கரை'. சிப்பாய்கள் ஓடும் திசைதான் ஆறு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை: ராஜாக்கரை, ராணிக்கரை. நமக்கு வலமாக இருப்பது எதிரே உட்கார்ந்தவருக்கு இடம் என்பதால் இடம் வலம் என்று பேர் வைக்க முடியாது. கரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. தேவாரத் தலங்களைக் காவிரி வடகரை, தென்கரை என்றுதானே பிரிக்கிறோம்? எந்தத் திசை பார்த்து நின்றாலும் திருவையாறு வடகரைதான். சிவபெருமானே சதுரங்கம் ஆடி ராஜகுமாரியை வென்று மணந்ததாகத் தலபுராணம் சொல்லும் திருப்பூவனூர் தென்கரைதான். அந்தக் கோயில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மன்னார்குடி சாலையில் இருக்கிறது. சதுரங்கச் சொல்லுக்கு இந்த மண்ணிலிருந்து கரையை எடுப்பதில் எனக்குத் தனி ஆசை உண்டு, மறைக்கவில்லை.

ஆக, எதிர்க்கரைக் கோட்டை, எதிர்க்கரை ஆட்டம். 'அக்கரை' இன்னும் சின்னதுதான், ஆனால் காதில் 'அக்கறை'யோடு குழம்பும்.

> இது டெல்டாக்காரர்களுக்கு மட்டும் புரியும் சொல்.

அப்படி நினைக்கவில்லை. ஏரிக்கும் குளத்துக்கும் கரை உண்டு. ஆறே பார்க்காதவர் கட்டும் வேட்டிக்கும் இரண்டு ஓரத்திலும் கரை உண்டு.

கரை வந்தால் கூடவே இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. எச் சிப்பாய் போய் ஜி6 சிப்பாயோடு மோதி வழி திறப்பதை 'உடைப்பு' என்று சொல்லலாம். வெள்ளத்தில் வெண்ணாற்றங்கரை போனால் அந்தச் சொல்லைத்தானே சொல்கிறோம். இங்கே ஒரு திருத்தம். 1974-இல் மாஸ்கோவில் சோவியத் கிராண்ட்மாஸ்டர் கார்ப்போவ் தன் நாட்டுக்காரரான கோர்ச்நோயை 27 நகர்த்தலில் வென்ற எதிர்க்கரை ஆட்டத்தைக் காட்டி, 24-ஆம் நகர்த்தலான இ5-ஐயும் உடைப்பு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது உடைப்பு இல்லை, அடைப்பு. ஏ5-இல் நின்ற கறுப்பு ராணி ஐந்தாம் வரிசையிலேயே ஜி5-க்கு வந்து செக் வைத்துத் தப்பும் வழி இருந்தது. அந்தச் சிப்பாய் குறுக்கே அணை போட்டது. அதே ஆட்டத்தில் 19-ஆவது நகர்த்தலைப் பாருங்கள். தாக்குதல் உச்சத்தில் இருக்கும்போது கார்ப்போவ் யானையை டி3-க்குக் கொண்டுவந்து தன் கரையில் சி3-ஐக் காத்தார். அதுவரை அந்தக் காவலில் கட்டுண்டிருந்த இ2 குதிரை விடுபட்டது. அந்த ஒரு நகர்த்தலுக்காகவே இந்த ஆட்டத்தை வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மிச்சம் இருப்பது 'டெம்போ', அதாவது ஒரு நகர்த்தல் அளவு நேரம். அந்தப் பெண் விரல் மடக்கி எண்ணினாளே, அது. தண்ணீர் குறைந்த வருஷங்களில் இங்கே முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். முறை தவறினால் நாற்று காயும். அதனால் 'முறை' என்று வைக்கலாம் எனத் தோன்றுகிறது. 'ஒரு முறை பிந்திவிட்டாய்' என்றால் பிள்ளைக்குப் புரியும். ஆனால் 'முறை'க்கு வழிமுறை என்ற பொருளும் இருப்பதால் பாடத்தாளில் குழப்பம் வருமோ என்று தயங்குகிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், ஞாயிறு வகுப்புக்குத் தாள் அச்சடிக்க வேண்டும்.