அரூர் சொந்தங்கள் குரூப்: நிவேதா சிட்லிங்கி போறாளாம்

செல்வி சித்தி: எல்லாரும் இருக்கீங்களா, ஒரு விஷயம் பேசணும், நிவேதா இங்க பெங்களூர்ல வேலைய விட்டுட்டு சிட்லிங்கி ஆஸ்பத்திரில ஒரு வருஷம் இருக்கப் போறேன்னு வீட்ல ஒரே பிடிவாதம், ஐசியூல நல்ல வேலை, நைட் ஷிப்டுக்கு வீட்டு வாசலுக்கே கேப் வருது, நீங்களாவது எடுத்து சொல்லுங்க, நான் சொன்னா எங்க கேக்குறா

தேவி அத்தை: எந்த சிட்லிங்கி, நம்ம கோட்டப்பட்டி பக்கம் இருக்குதே அதுவா

செல்வி சித்தி: அதே தான் அண்ணி

கார்த்தி: நிவே சீரியஸாவா?? ஜெர்மனிக்குன்னு ஜெர்மன் பாஷை பி2 கிளாஸ்ல சேந்தியே, பீஸ் வேற கட்டிருப்ப

நிவேதா: கிளாஸ் ஆன்லைன்ல தான் அண்ணா, அத எங்க இருந்து வேணா படிக்கலாம். அம்மா பாதி தான் சொல்லிருக்காங்க, நான் இன்னும் நோட்டீஸே குடுக்கல

சேகர் சித்தப்பா: லோன் இருக்குது. அத பத்தி யாரும் வாயே தொறக்க மாட்டேங்குறீங்க

கார்த்தி: அது என்ன ஆஸ்பத்திரி, கவர்மெண்டா?

நிவேதா: இல்லண்ணா டிரஸ்ட். ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு பேரு. ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜின்னு டாக்டர் தம்பதி ஆரம்பிச்சது, அவர் அனஸ்தீசியா, அதான் மயக்க மருந்து டாக்டர், மேடம் கைனக், பிரசவம் பாக்குறவங்க, ரெண்டு பேரும் ஆலப்புழா மெடிக்கல் காலேஜ்ல படிச்சவங்க. முதல்ல காந்திகிராமம் ஆஸ்பத்திரில வேலை பாத்திருக்காங்க, அங்க சாதாரண வயித்துப்போக்குக்கு கூட ஜனங்க எங்கிருந்தோ ராத்திரி பூரா பஸ் ஏறி வர்றத பாத்துட்டு, நாமளே அவங்க இருக்குற இடத்துக்கு போனா என்னன்னு தோணிருக்கு, ஒரு வருஷம் ஊர் ஊரா சுத்திட்டு 1993ல சிட்லிங்கில வந்து ஆரம்பிச்சாங்க. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவுல இருக்குற பள்ளத்தாக்கு, மலையாளி பழங்குடி ஜனங்க தான் நிறைய, லம்பாடி தாண்டாவும் இருக்கு

தேவி அத்தை: மலையாளின்னா கேரளாக்காரங்க இல்ல கார்த்தி, மலையில இருக்குறவங்க. உனக்கு தெரியாதுன்னு சொல்றேன்

கார்த்தி: அத்தை எனக்கும் சொந்த ஊரு அரூர் தான் 😀

சேகர் சித்தப்பா: கர்நாடகால இதே மாதிரி ஒண்ணு இருக்குது, பிளிகிரிரங்கன பெட்டால டாக்டர் சுதர்சன், சோலிகர் பழங்குடி ஜனங்களுக்காக 1981ல ஆரம்பிச்சார், விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரா. 1994ல ரைட் லைவ்லிஹுட் அவார்டு குடுத்தாங்க. நாங்க ஃபேக்டரில இருந்து டூர் போனப்ப வெளிய இருந்து பாத்தோம். நல்ல சேவை தான், நான் இல்லேங்கல. ஆனா அவங்கள்லாம் டாக்டருங்க, நம்ம புள்ளைக்கு மாசா மாசம் ஈஎம்ஐ போகணும்

செல்வி சித்தி: அதையே தான் நானும் கத்துறேன்

முருகேசன் பெரியப்பா: இப்ப தான் போன பாத்தேன். களத்துல இருந்தேன். நிவேதா சொன்னது சரி. நான் அந்த ஆஸ்பத்திரிய குடிசையா இருந்தப்ப இருந்து பாக்குறவன், ஊர்க்காரங்களே கட்டிக் குடுத்த மண்ணு குடிசை, உள்ள ஒரு 100 வாட்ஸ் பல்பு, ஒரு மரபெஞ்சு, அதுல தான் வைத்தியம், பிரசவம் எல்லாம், அப்ப எங்களுக்கே இது எத்தன நாளைக்குன்னு தான் இருந்துச்சு, வெளியூர் டாக்டருங்க வருவாங்க போட்டோ எடுப்பாங்க போய்டுவாங்கன்னு நினச்சோம். இவங்க போகல

முருகேசன் பெரியப்பா: அதுக்கு முன்னால என்ன கதின்னு சேகருக்கு தெரியும். வலி எடுத்துச்சுன்னா கட்டில்ல போட்டு நாலு பேரு தூக்கிட்டு ரோட்டுக்கு வரணும், பஸ்சு எப்ப வருமோ, அரூர் வந்து சேரவே 50 கிலோமீட்டர் ஆகுது, ஆபரேஷன்னு சொல்லிட்டா சேலமோ தர்மபுரியோ போகணும், 100 கிலோமீட்டருக்கு மேல. போற வழியிலயே முடிஞ்சு போனது எத்தனையோ

தேவி அத்தை: நம்ம சின்னம்மா மக பொற்கொடிக்கு அப்படித்தான ஆச்சு. பஸ்லயே. அவ பொழச்சா, புள்ள தங்கல

செல்வி சித்தி: ஐயோ அத ஏன் அண்ணி இப்ப

நிவேதா: அத்தை அப்போ கணக்கெடுத்தப்ப 1000 குழந்தை பொறந்தா 147 குழந்தை ஒரு வயசு முடியறதுக்குள்ள இறந்திருக்கு, நாட்டுலயே ரொம்ப மோசமான இடங்கள்ல அது ஒண்ணு. இப்ப 20 கிட்ட வந்துருக்கு. இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா அந்த குழந்தைங்க பெரிய வியாதில சாகல, வயித்துப்போக்கு, சளி பிடிச்சு நிமோனியா, பொறக்கும் போதே சிக்கல், அவ்ளோ தான். வயித்துப்போக்குக்கு என்ன மருந்து, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அத கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே இருக்கணும், தாய்ப்பால நிறுத்தக் கூடாது. இத சரியான நேரத்துல சொல்றதுக்கு வீட்டுக்கு பக்கத்துல ஒரு ஆள் இல்ல, அதான் விஷயம்

கார்த்தி: அப்ப அதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு, ஆள் போதுமே

நிவேதா: ரெண்டும் வேணும்ண்ணா. அவங்க ஒவ்வொரு ஊர்லயும் ஊர்க்காரங்களே பாத்து சொன்ன ஒரு அம்மாவ ட்ரெயின் பண்ணாங்க, ஹெல்த் ஆக்சிலரின்னு. கர்ப்பமா இருக்குறவங்கள போய் பாப்பாங்க, குழந்தை பொறந்தா வீட்டுக்கு போய் எடை பாப்பாங்க, குளிர் படாம எப்படி சுத்தி வைக்கணும், தொப்புள்ள சாணி மஞ்சள் எதையும் வைக்காதீங்கன்னு சொல்லுவாங்க. அது மீறி போச்சுன்னா தான் ஆஸ்பத்திரி. அங்க நர்ஸ் வேலைக்கும் வெளிய இருந்து ஆள் கொண்டு வரல, அந்த பள்ளத்தாக்கு பொண்ணுங்களையே எடுத்து அங்கயே வச்சு கத்துக் குடுத்தாங்க. பிரசவம் பாக்குறது, தையல் போடறது, தியேட்டர்ல அசிஸ்ட் பண்றது எல்லாம் அவங்க தான். இப்ப 35 பெட், லேப், ஆபரேஷன் தியேட்டர்லாம் இருக்கு

சேகர் சித்தப்பா: சரிம்மா, ஆளுங்க எல்லாம் அந்த ஊர்லயே இருக்காங்கன்னு நீயே சொல்ற, அப்ப நீ எதுக்கு

கார்த்தி: சித்தப்பா சிக்ஸர் 😂

நிவேதா: அப்பா நான் இங்க என்ன பண்றேன்னு உங்களுக்கு தெரியுமா, 12 மணி நேர ஷிப்டுல பாதி நேரம் கம்ப்யூட்டர்ல சார்ட் ஏத்துறேன், மீதி நேரம் மானிட்டர் அலாரத்த ஆஃப் பண்றேன். பேஷண்ட் என்ன ஆனாருன்னே தெரியாது, வார்டுக்கு மாத்திடுவாங்க, பில் கட்டலன்னா டிஸ்சார்ஜ் லேட்டாகும், சொந்தக்காரங்க நம்ம மேல கத்துவாங்க. ஒரு பிரசவம் நானா பாத்து காலேஜ்லயே கடைசி

செல்வி சித்தி: எல்லா வேலையும் அப்படித்தான் இருக்கும்

முருகேசன் பெரியப்பா: போன மழைக்கு நம்ம பக்கத்து காட்டுக்காரன் கரும்பு சோகை உரிக்கப் போனவன பாம்பு புடுங்கிடுச்சு. மந்திரிக்கிறவன் கிட்ட போகலாம்னு ஒரு கூட்டம், கயிறு போட்டு இறுக்கிக் கட்டுன்னு ஒரு கூட்டம். நான் வண்டிய எடுங்கடான்னு கத்துனேன். அங்க போனதும் ஒரு சின்ன பொண்ணு ரத்தத்த எடுத்து கண்ணாடி குழாயில வச்சுட்டு கடிகாரத்த பாத்துட்டே நிக்குது, எனக்கு கோவம், ஊசி போடாம என்னம்மா வேடிக்கைன்னு கேட்டேன்

நிவேதா: பெரியப்பா அது 20 நிமிஷ டெஸ்ட்!! சுத்தமான, ஈரமில்லாத புது கண்ணாடி ட்யூப்ல ரெண்டு எம்எல் ரத்தம் எடுத்து அசைக்காம வச்சு 20 நிமிஷம் கழிச்சு சாய்ச்சு பாப்பாங்க. உறையாம ஓடுச்சுன்னா விரியன் விஷம் ஏறிடுச்சுன்னு அர்த்தம், உடனே ஏஎஸ்வி, அதான் விஷமுறிவு மருந்து. நாகமும் கட்டுவிரியனும் வேற, அது ரத்தத்துல தெரியாது, கண் இமை தொங்கும், முழுங்க முடியாது, மூச்சு நிக்கும், அதுக்கு ட்யூப் போட்டு மூச்சு குடுக்க தெரிஞ்ச ஆள் வேணும். அனஸ்தீசியா டாக்டர் ஒருத்தர் காட்டுக்குள்ள இருக்குறதோட அருமை அங்க தான் தெரியும். நாலு வகை பாம்புக்கும் ஒரே மருந்து தான், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். எங்க ஐசியூல இந்த கண்ணாடி குழாய் டெஸ்ட்ட ஒரு தடவ கூட யாரும் செஞ்சு நான் பாக்கல

முருகேசன் பெரியப்பா: அந்த பொண்ணும் இதையே தான் சொல்லுச்சு, எங்க பாஷையில சொல்லுச்சு. மாமா செத்த பொறு, பாம்பு எதுன்னு ரத்தமே சொல்லும்னு. அவன் இப்ப நல்லா கரும்பு வெட்டிட்டு இருக்கான்

கார்த்தி: செம

தேவி அத்தை: அங்க ராகி பிஸ்கட்டு கூட செய்வாங்களே, முன்ன ஒரு தடவ முருகேசன் அண்ணா குடுத்து விட்டது

நிவேதா: அது விவசாயிங்க சங்கம் அத்தை, சிட்லிங்கி ஆர்கானிக் ஃபார்மர்ஸ் அசோசியேஷன். வியாதிய குறைச்சாலும் நிலத்துல வருமானம் இல்லன்னா திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கு தான போறாங்க, அதனால சிறுதானியம் மஞ்சள்னு அதையும் எடுத்தாங்க. லம்பாடி பொம்பளைங்க எம்பிராய்டரி பொர்கைன்னு தனியா நடக்குது, பழைய பாட்டிங்க கிட்ட இருந்து தையல கத்துக்கிட்டு

தேவி அத்தை: அந்த துணி எங்க கிடைக்கும், எனக்கு ஒரு ப்ளவுஸ் பீஸ்

செல்வி சித்தி: அண்ணி நான் என்ன கேட்டேன், நீங்க ப்ளவுஸ்ல இருக்கீங்க

தேவி அத்தை: அடி செல்வி, நான் சொல்றத கேளு, புள்ளைக்கு இப்ப 24. ஒரு வருஷம் போய்ட்டு வரட்டுமே. வரன் பாக்க வர்றவங்க கேட்டா நர்ஸுன்னு தான சொல்லப் போற, எங்கன்னு சொன்னா என்ன, ஓடியா போச்சு

சேகர் சித்தப்பா: அக்கா வரன் பேச்சு இருக்கட்டும். பணம். இங்க கைக்கு 28 வருது, ஈஎம்ஐ 9. அங்க என்ன தருவாங்கன்னே தெரியாது

நிவேதா: அப்பா ஒரு வருஷத்துக்கு ஈஎம்ஐ மட்டும் சேத்து வச்சிருக்கேன். பிஎஃப் இல்ல, சேவிங்ஸ். நீங்க ஒரு ரூபா போட வேணாம்

சேகர் சித்தப்பா: இத ஏன் முன்னாடி சொல்லல

நிவேதா: கேட்டாதான சொல்லறது, நீங்க லோன்னு சொன்னதும் எந்திரிச்சு போய்டுறீங்க

முருகேசன் பெரியப்பா: நிவேதா, நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நீ பிஎஸ்சி படிச்சவ, பெங்களூர்ல இருந்து வர்றவ. அங்க இருக்குறதுங்க ஸ்கூல் படிச்ச புள்ளைங்க. ஆனா நீ அவங்களுக்கு கத்துக் குடுக்கப் போறேன்னு போகாத, கத்துக்கப் போறேன்னு போ. அந்த புள்ளைங்க இருக்குறதால தான் ஜனங்க ஆஸ்பத்திரிக்கே வருது, வர்ற கிழவி அவங்களுக்கு அத்தையோ பாட்டியோ, எந்த ஊரு எந்த வீடுன்னு கேட்டுட்டு தான் ஊசியே போடுவாங்க. டாக்டருங்க நாளைக்கு வேற ஆள் வரலாம். இந்த புள்ளைங்க இல்லன்னா அது வெறும் கட்டடம். நீ ஒரு வருஷத்துல கிளம்பிடுவ, அவங்க கிளம்ப மாட்டாங்க, அத மனசுல வச்சுக்கிட்டு நடந்துக்கோ

நிவேதா: சரி பெரியப்பா

கார்த்தி: கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியும் இதே மாதிரி தானாம், அஷ்வினின்னு 1990ல ஆரம்பிச்சது, அங்கயும் நர்ஸ் எல்லாம் ஆதிவாசி பொண்ணுங்க தான், எங்க டீம்ல ஊட்டி பையன் ஒருத்தன் சொல்லுவான். நிவே அங்கயும் கேட்டு பாரேன், க்ளைமேட்டாவது சூப்பரா இருக்கும்

செல்வி சித்தி: கார்த்தி நீ யாரு பக்கம்டா

கார்த்தி: சித்தி நான் சும்மா சொன்னேன்

சேகர் சித்தப்பா: முதல்ல அவங்களுக்கு ஆள் வேணுமான்னு கேட்டியா இல்லையா

நிவேதா: இன்னும் கேக்கல. வீட்ல ஓகே சொல்லாம எப்படி கேக்குறது

செல்வி சித்தி: கேக்கவே இல்லையா?? இதுக்கா நாலு நாளா சோறு இறங்காம கெடந்தேன்

தேவி அத்தை: 😂😂😂

சேகர் சித்தப்பா: சனிக்கிழமை நானும் நிவேதாவும் நேர்ல போய் பாத்துட்டு வர்றோம். பாத்துட்டு சொல்றேன், இப்பவே சரின்னு சொல்லல. அண்ணா, காலையில கிளம்பினா மதியத்துக்குள்ள வந்துடலாமா

முருகேசன் பெரியப்பா: அத்திப்பள்ளி டிராபிக்க நீங்க விடியறதுக்குள்ள தாண்டிடுங்க. அரூர் வந்ததும் போன் போடு, பஸ்ஸுக்கு நிக்க வேணாம், பையன் வண்டி கொண்டு வருவான். மதியம் சாப்பாடு நம்ம வீட்ல. செல்வியும் வரட்டும்

செல்வி சித்தி: நான் வரல மாமா. சரி வர்றேன். அங்க கரண்ட் ஒழுங்கா இருக்குமா, இவளுக்கு பேன் இல்லாம தூக்கம் வராது

முருகேசன் பெரியப்பா: எல்லாம் இருக்கும். வரும்போது எனக்கு அந்த முட்டி வலி தைலம் ரெண்டு பாட்டில், போன தடவ வாங்கிட்டு வந்தது தீந்து போச்சு