புதன்கிழமை நடையை எப்படிக் காப்பாற்றுவது?

குளக்கரை:
வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறு மகன் வீடு. செவ்வாயும் வியாழனும் மகள் வீட்டில் பேத்தியோடு. திங்கள் எனக்கு வாசகர் வட்டம், வெள்ளி அவருக்குச் சதுரங்க மன்றம், சனி இருவருக்கும் நடைக்குழு. புதன் மட்டும்தான் எங்களுக்கென்று. காலையில் குளக்கரையைச் சுற்றி, வயல்பக்கம் இறங்கி இரண்டு மணி நேரம் நடப்போம். போன மாதம் ஒரு புதன்கூட வாய்க்கவில்லை. மகளுக்கு அலுவலகத்தில் கூட்டம், மன்றத்தில் போட்டிக்கு ஆள் குறைவு, இப்படி ஏதாவது வந்துவிடுகிறது.

பேத்தியைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பாரமே இல்லை. என் விரலைப் பிடித்துப் படி இறங்குகையில் ஒவ்வொரு படியிலும் நின்று என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள். அதற்கு எதுவும் ஈடாகாது. ஆனால் முப்பது வருடமாக அவர் இரவு ஷிப்ட், நான் பகல் வேலை. வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொண்டு ஓடியிருக்கிறோம். சாவகாசமாகப் பேசிக்கொண்டு நடப்பதை இப்போதுதான் பழகுகிறோம். பிள்ளைகள் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? இன்னொன்று: அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விடுகிறார். எனக்கோ இறக்கத்தில் முட்டி வலிக்கிறது.

பழைய கணக்கர்:
அம்மா, ஓய்வும் ஒரு பெரிய மாற்றம்தான். 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் 43-ஐ மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தினார்கள். கல்யாணத்துக்கு 50, ஓய்வு பெறுவதற்கு 45. அதனால் கிடைத்த நாளையெல்லாம் உடனே நிரப்பிவிடாதீர்கள். நாங்கள் செய்தது இதுதான்: மாதம் பிறக்கும் முன்பே எங்கள் நாளைக் குறித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவோம். அவர்கள் கேட்ட பிறகு முடியாது என்றால் வருத்தம் வரும். முன்பே தெரிந்தால் வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள். காய்ச்சல், அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு.

மேடுபள்ளம்:
அக்கா, இறக்கத்தில் உடல் எடையைத் தொடைத்தசை பிடித்து நிறுத்த வேண்டும், முட்டியில் அழுத்தம் கூடும். இரண்டு நடைக்கோல் வாங்குங்கள். பாரத்தில் கொஞ்சம் கைக்குப் போகும். சின்னச் சின்ன அடியாக வையுங்கள். வேகத்துக்கு எளிய அளவு உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலை, தசைப் பயிற்சியும் வாரம் மூன்று நாளாவது வேண்டுமாம். உங்கள் நடைக்குழுவோடு புதனையும் சேர்த்தால் நிமிடக் கணக்கு தாராளமாக வந்துவிடும். அப்புறம், மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும். நீங்கள் முன்னால் போங்கள்.

சனிநடை:
மன்றங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். இருவரும் தனித்தனி இடத்துக்குப் போய் வந்தால்தான் புதன்கிழமை பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

குளக்கரை:
எல்லோருக்கும் நன்றி. மகளிடம் சொன்னேன். "முன்னமே சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டாள், அவ்வளவுதான். இன்று புதன், போய் வந்தோம். நான் முன்னால், அவர் பின்னால். இத்தனை நாள் அவர் தொப்பி மட்டும்தான் தூரத்தில் தெரியும். இன்று காலடிச் சத்தம் காதில் விழுந்தது. வலது கால் சத்தமில்லாமல் வைக்கிறார், இடது ஷூ ஒவ்வோர் அடிக்கும் மண்ணில் உரசுகிறது. நின்று கேட்டேன். பாதம் மரத்துப்போகிறது, நாலு மாதமாகவே அப்படித்தான் என்றார். வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். அன்றைக்குச் சதுரங்கத்துக்கு வரவில்லை என்று அவரே போன் செய்து சொல்லிவிட்டார்.