மாதிரி நீர்மூழ்கி அமிழும்போது பக்கம் சாய்கிறது: ஈயத்தை எங்கே வைப்பது?

கேள்வி (கல்லடி)

வணக்கம். 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயை நீர்புகா உருளையாக வைத்து, ஏறத்தாழ 4 கிலோ எடையில் ரிமோட்டில் இயங்கும் நீர்மூழ்கி ஒன்றைக் கட்டியிருக்கிறேன். வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் மிதக்கும்போது நேராக நிற்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் பலாஸ்ட் தொட்டி (அமிழ்வதற்கு நீர் ஏற்றும் தொட்டி) பாதி நிரம்பி மேற்தளம் மறையும் வேளையில் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு அணியம் (முன்முனை) குத்தி இறங்குகிறது. பலாஸ்ட் தொட்டி 90 மி.மீ. அகலமும் 85 மி.மீ. நீளமும் கொண்ட பெட்டி. அதை அணியத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். 600 கிராம் வலை ஈயம் உருளைக்குள் அடியில் கிடக்கிறது. மேற்தளத்தின் கீழே மிதப்புக்காக ரெஜிபோம் (இலேசான வெள்ளை நுரைப்பலகை) ஒட்டியிருக்கிறேன். இன்னும் ஈயம் சேர்த்தால் சரியாகுமா?

பதில் (களுவாஞ்சிகுடி)

தம்பி, ஈயத்தைக் கூட்ட வேண்டாம், இறக்குங்கள். அகலமான தோணி சாயும்போது நீருக்குள் இருக்கும் அதன் வடிவம் மாறுவதால், மேலுதைப்பு (நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை) தாழ்ந்த பக்கத்துக்கு நகர்ந்து தோணியை நிமிர்த்துகிறது. வட்டக் குழாய் உருண்டாலும் அதன் வடிவம் மாறுவதில்லை. ஆகையால் ஈர்ப்பு மையம் மேலுதைப்பு மையத்துக்குக் கீழே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே அதை நிமிர்த்தி வைக்கிறது.

அந்தத் தூரத்தை நீங்களே அளக்கலாம். கப்பலை முழுதாக அமிழ்த்தி, உருளைக்குள் 40 கிராம் ஈயத்தை நடுவிலிருந்து 40 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்தி, எத்தனை பாகை சாய்கிறது என்று பாருங்கள். 4 பாகை சாய்ந்தால் தூரம் ஏறக்குறைய 6 மி.மீ.; 14 பாகை சாய்ந்தால் 1.6 மி.மீ. மட்டுமே.

பாதி நிரம்பிய தொட்டியில் கப்பல் சாயும் பக்கத்துக்கே நீரும் ஓடுகிறது. உங்கள் பெட்டியின் அளவுக்கு இது ஈர்ப்பு மையத்தை 1.3 மி.மீ. உயர்த்தியதற்குச் சமம். தொட்டியின் நடுவே நீளவாக்கில் நீர் கசியாத தடுப்பு ஒன்றைப் போட்டால் அந்த இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி நீர்வழியும் காற்றுத் துளையும் இருக்க வேண்டும், அடியில் ஒரு துளையால் இரண்டையும் இணைத்தால் பயன் கெட்டுவிடும்.

ஈயத்தை உருளைக்கு வெளியே, நீர் நிரம்பும் அடிப்பகுதியில் 30 மி.மீ. தாழ்வாகப் பதித்தால் தூரம் சுமார் 4.5 மி.மீ. கூடும். ஆனால் வெளியே நீரில் இருக்கும் ஈயம் தன் எடையில் 9 சதவீதத்தை இழப்பதால் 600 கிராமுக்குப் பதிலாக 658 கிராம் தேவைப்படும்.

அணியம் குத்துவதற்குக் காரணம் தொட்டியின் இடம். அமிழும்போது புதிதாக நீருக்குள் போகும் பாகங்களின் கன அளவுக்குத் தொட்டி நீர் சமமாக இருக்க வேண்டும். அந்தப் பாகங்களின் மையத்துக்கு நேர் கீழே தொட்டியின் மையமும் வர வேண்டும். அதனால் தொட்டியை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். முதலில் தொட்டி நிரம்பிய நிலையில் ஈயத்தாலும் ரெஜிபோமாலும் கப்பலைச் சமப்படுத்துங்கள். பிறகு தொட்டியைக் காலி செய்து, நீர்க்கோடு தவறினால் ரெஜிபோமை முன்னும் பின்னும் நகர்த்தாமல் மேலும் கீழுமாக மட்டும் நகர்த்துங்கள். அமிழ்ந்த நிலையின் முன்பின் சமநிலை அதனால் குலையாது.

மேற்தளத்தின் கீழ் சிக்கும் காற்றுக் குமிழிகளைக் கவனிக்காமல் எதையும் அளக்காதீர்கள். வீட்டுத் தொட்டி நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரம் விட்டு, கப்பலை நீருக்குள் வைத்தே உருட்டிக் குலுக்கினால் அவை வெளியேறிவிடும்.

பதில் (அக்கரைப்பற்று)

மேலே சொன்ன முறை சரியானது. ஆனால் வீட்டுத் தொட்டியில் சமப்படுத்திய கப்பலை மட்டக்களப்பு வாவியில் விட வேண்டாம். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தியானது. 4 கிலோ கப்பலுக்கு அது 100 கிராம் வேறுபாடு. வாவி நீரின் உப்போ மாரி மழையோடும் முகத்துவாரம் திறந்திருப்பதோடும் மாறிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியமானது, உவர்நீருக்குள் ரேடியோ அலை செல்லாது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை நன்னீரிலும் சிறிது ஆழத்திலேயே அடங்கிவிடும். 27 அல்லது 40 மெகாஹேர்ட்ஸ் கருவிகள் நன்னீருக்குப் பொருந்தும். உன்னிச்சைக் குளமோ சாகாமம் குளமோ உங்களுக்கு ஏற்றது. சமிக்ஞை அறுந்ததும் தொட்டி தானே காலியாகும்படி அமைத்துவிடுங்கள். கப்பல் தூரத்தில் நின்றுவிட்டால் முதலை இருக்கக்கூடிய நீரில் இறங்காமல் தோணியில் போய் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஈயத்தை வெளியே இறக்கித் தொட்டியை நடுவுக்கு மாற்றினேன். 40 கிராம் சோதனையில் முன்னர் 14 பாகை சாய்ந்த கப்பல் இப்போது 4 பாகைக்கும் குறைவாகவே சாய்கிறது; அணியமும் குத்துவதில்லை. தடுப்பை இன்னும் போடவில்லை. மேற்தளம் மறையும் கணத்தில் இன்னும் ஒரு சிறு ஆட்டம் தெரிகிறது. அதை முடித்த பிறகுதான் உன்னிச்சைக்குக் கொண்டு போவேன்.